பட்டியலில் இல்லாத இடதுகைக்காரன்

அல்தாகிராசியா மாதா துணை

பஃபலோ,
18 அக்டோபர் 1983

அன்புள்ள அக்கா ஒலிம்பியாவுக்கு,

உன் தம்பி ப்ரீமிடிவோ எழுதுவது. நான் இங்கே சுகம். என் தலைமுடி மட்டும் சுகமில்லை. இருந்த கொஞ்சமும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே உன் முழங்கால், உன் விடுதி, நம் ஊர் பரஹோனாவின் வெயில், சர்க்கரை ஆலைப் புகை எல்லாம் எப்படி?

எங்கள் பஃபலோ மில்லர்ஸ் அணி இந்த வருஷமும் கடைசிக்கு முந்திய இடத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டது. சீசன் முடிந்துவிட்டது, இனி தம்பி காலை நீட்டிப் படுப்பான் என்று நினைக்காதே. பேஸ்பாலில் உண்மையான அடிதடி எல்லாம் மைதானத்தில் பனி விழுந்த பிறகு அலுவலகத்தில்தான் நடக்கும். யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது, அடுத்த வீட்டிலிருந்து யாரை ஆசைகாட்டிக் கூட்டிவருவது, இதே வேலை. இதில் என் பங்கு உனக்குத் தெரியும். ஸ்பானிஷ் பேசும் ஆட்டக்காரர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளன், டிரைவர், பல்வலி வந்தால் தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். மீன் ஏலக் கூடத்துப் பக்கம் மாத்தோஸ் வீட்டு எலாடியோவை உனக்குத் தெரியும். இருபத்தேழு வயது இடதுகைக்காரன். நான் பார்த்து எடுத்த ஆள். ஆறு வருஷமாகச் சின்ன லீக்கில் எங்களுக்காகப் பந்து வீசிக்கொண்டு பஸ்ஸிலேயே வாழ்கிறான். போன மாதம் அவனுக்கு ஒரு புதுப் பந்து கைவந்திருக்கிறது. மட்டைக்காரன் அருகே நல்ல பிள்ளையாக வந்து, கடைசி நொடியில் மனசு மாறிப் பொத்தென்று கீழே விழும். இது எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கிளப்பும் நவம்பரில் நாற்பது பெயர் எழுதிக்கொடுக்க வேண்டும். அதில் இருப்பவனை யாரும் தொட முடியாது. இல்லாதவனை டிசம்பர் கூட்டத்தில் வேறு கிளப் தூக்கிக்கொண்டு போகலாம். எங்களிடம் முப்பத்தொன்பது பெயர் ஆகிவிட்டது. நாற்பதாம் இடம் ரஸ் டெலனிக்கு. ஒப்பந்தம் முடிந்து, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சந்தையில் நிற்கும் நட்சத்திரம் அவர். எங்கள் பெரியவர் வாலஸ் க்ரெப், டெலனியைக் காதலிக்கிறார் என்றே சொல்லலாம். ஆகவே எலாடியோவுக்குப் பட்டியலில் இடமில்லை. ஆகவே அவனை ஒளித்துவைக்க வேண்டும்.

"ப்ரீமி, அந்த ஆளுக்குத் தோள்வலின்னு சொல்லி கிறிஸ்துமஸ் வரைக்கும் யார் கண்ணுலயும் படாம வெச்சிரு. உங்க ஊர்க்காரங்க ரகசியத்தைக் காப்பாத்துவாங்கல்ல?" என்றார் பெரியவர்.

"உயிரே போனாலும் வெளியே வராது சார்" என்றேன். நம் ஊரைப் பற்றி இப்படி ஒரு பொய் சொன்னதற்காக ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன்.

அவனும் மனைவியும் உன் விடுதியில் தங்கட்டும். கைக்கு ஒரு கட்டுப் போட்டு, கேட்பவர்களிடம் தோள்வலி என்று சொல்லு. ஊர் மைதானத்தில் ஒரு பந்துகூட வீசக் கூடாது. எல்லாக் கிளப்பும் செய்வதுதான், பாவமில்லை. காரியம் முடிந்தால் எனக்குத் தனி மேஜை தருவதாகப் பெரியவர் வாக்கு. இப்போது நானும் ஜெராக்ஸ் மெஷினும் ஒரே மேஜையில் குடித்தனம் செய்கிறோம். அது என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே.

உன் தம்பி,
ப்ரீமிடிவோ


பரஹோனா,
31 அக்டோபர் 1983

அன்புத் தம்பிக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். உன் தலைமுடிக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன், பலனை எதிர்பார்க்காதே. என் முழங்கால் மழை வரும்போது மட்டும் பேசும். மழை இல்லை, சண்டையும் இல்லை.

எலாடியோவும் யூடெல்காவும் வந்துவிட்டார்கள். அவள் வயிறு அவளுக்கு முன்னால் வாசலில் நுழைகிறது. நீ சொன்னபடி பழைய ஜன்னல் திரையைக் கிழித்து அவன் கைக்கு ஒரு தொட்டில் கட்டிவிட்டேன். பூப்போட்ட திரை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு முடிதிருத்தும் தோனீத்தோவின் கடைப் பக்கம் போயிருக்கிறான். அங்கே டோமினோ ஆட்டம் நடக்கிறது.

"என்னப்பா எலாடியோ, கைக்கு என்ன?" என்று தோனீத்தோ கேட்டிருக்கிறான்.

"தோள்வலி. பந்து வீசக் கூடாதுன்னுட்டாங்க."

"கட்டு வலது கையில இருக்கு. நீ வீசறது இடது கையிலதானே?"

"அதான் அண்ணே. வலி அந்தப் பக்கம் தாவிடக் கூடாதுன்னு."

மேஜையில் இருந்த நாலு பேரும், "ஆமாமா, இப்பல்லாம் அப்படித்தான் கட்டறாங்க" என்று தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்களாம். அதாவது, ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் கவலைப்படாதே, ஊரே சேர்ந்து மறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், "நம் சகோதரன் எலாடியோவின் தோளுக்காக மன்றாடுவோம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பீடத்திலிருந்து!

ஒரு சந்தேகம். வேறு கிளப் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கிறாய். போனால் அவனுக்கு என்ன ஆகும்? அடிப்பார்களா, சோறு போட மாட்டார்களா? உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அது மட்டும் இல்லை.

குளிருக்கு இரண்டு சட்டை போடு.

அக்கா,
ஒலிம்பியா


பஃபலோ,
12 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து, நீ நடமாடுகிறாய் என்று நிம்மதி. நான் மூன்று சட்டை போடுகிறேன். அதனால் எல்லோரும் நான் பெருத்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், பெருத்தும்தான் இருக்கிறேன்.

கட்டை உடனே இடது கைக்கு மாற்று! ஆட்டம் ஆடிய காலத்தில் நானே பந்தைத் தவிர மற்றதையெல்லாம் பிடித்த ஆள்தான். இருந்தாலும் எது இடது, எது வலது என்று எனக்குத் தெரியும்.

இங்கே டெலனி தம்பதி வந்துபோனார்கள். நான்தான் கார் ஓட்டினேன். முன்சீட்டில் அவர்கள் நாய். பின்சீட்டில் பெரியவர், இரண்டு பேருக்கும் நடுவில் முட்டிபோட்டு உட்காராத குறை. ஊரின் பெருமையெல்லாம் காட்ட வேண்டுமே என்று பெரிய அருவிக்குக் கூட்டிப்போனோம். டெலனியின் மனைவி மார்லீன் காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சத்தம் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"ராத்திரியில கொறைச்சிடுவாங்க மேடம்" என்றார் பெரியவர், கூசாமல்.

பிறகு விருந்து. எங்கள் ஊர்க் காரக் கோழி இறக்கை. டெலனி ஒன்றைக் கடித்துக் கண்கலங்கினார். பெரியவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். மார்லீனுக்குக் குதிரைகள் உண்டாம். குதிரைக்கு நிலம் வேண்டுமாம். மறுநாள் முழுக்க நான் பனியில் நின்று குதிரைக்கு வீடு பார்த்தேன். அக்கா, இந்த ஊரில் எனக்கு வீடு பார்க்கும்போது யாரும் இத்தனை அறை திறந்து காட்டவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடம் போதவில்லை. அடுத்த முறை.

உன் தம்பி,
ப்ரீமிடிவோ

(ஓரத்தில்: நாயின் பெயர் ஜெனரல். என் மடியில் தூங்கியது. நல்ல குணம். குறட்டை மட்டும் அத்தானைப் போல.)


பரஹோனா,
24 நவம்பர் 1983

தம்பிக்கு,

நலம். உன் நலம் வேண்டும்.

தாளில் இடமில்லாததால் எலாடியோவிடமே கேட்டேன். துவரை உரித்துக்கொண்டிருந்தோம்.

"தூக்கிட்டுப் போறவங்க சும்மா வெச்சுக்க முடியாது அக்கா. அடுத்த சீசன் முழுக்கப் பெரிய டீம்லயே வெச்சிருக்கணும். சின்ன லீக்குக்கு இறக்கக் கூடாது. வேண்டாம்னா பழைய கிளப்புக்கே திருப்பித் தரணும்."

"அப்போ உனக்கு அது நல்லதாச்சே?"

அவன் அடுத்த காயை எடுத்து உரித்தான். "ப்ரீமி அண்ணன்தான் என்னை முதல்ல பார்த்தவரு. அவர் சொல்லும்போது நான் என்ன சொல்ல?"

யூடெல்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். உரித்த துவரையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

டென்வர் கிளப்புக்காக ஆள் பார்க்கும் கிளைட் ஹாப்சன் என்ற அமெரிக்கர் வந்து என் விடுதியில் தங்கியிருக்கிறார். ஆலை அணியில் வேறு ஒருவனைப் பார்க்க வந்தாராம். கட்டுப் போட்டவன் யார் என்று கேட்டார். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

இங்கே இன்னும் மழை இல்லை.

ஒலிம்பியா


பஃபலோ,
25 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயிரம் வணக்கம். உன் உடம்பு எப்படி என்று விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன். அது நன்றாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு இப்போது உன் உடம்பு தேவைப்படுகிறது.

பட்டியலைக் கொடுத்துவிட்டோம். முப்பத்தொன்பது பெயர். நாற்பதாவது வரி டெலனிக்காக வெறுமையாக, வாசலில் தோரணம் கட்டிய வீடு மாதிரி இருக்கிறது. டெலனி "யோசிக்கிறேன்" என்கிறார். பெரியவர் தினமும் போன் செய்து யோசித்தாயிற்றா என்று கேட்கிறார்.

இப்போது கெட்ட செய்தி. டென்வரின் கிளைட் ஹாப்சன் நம் பக்கம் விமானம் ஏறியிருக்கிறான் என்று கேள்வி. தொப்பி வைத்த கழுகு அவன். புழுதியைப் பார்த்தே யார் ஓடினான் என்று சொல்லுவான். பரஹோனா பக்கம் வந்தால் எலாடியோவை வீட்டுக்குள் பூட்டிவை. ஹாப்சனுக்கு இடமில்லை என்று சொல்லு. முடியாவிட்டால் நீ வைக்கும் அந்த ஆட்டுக்கறிக் குழம்பைக் கொடு. முதல் நாள் சாப்பிட்ட எந்த வெளியூர்க்காரனும் மறுநாள் மைதானம் வரை நடந்ததில்லை.

பெரியவருக்கு இது தெரிந்தால் நானும் ஜெராக்ஸ் மெஷினும் பிரிய வேண்டிவரும். அது தங்கும், நான் போவேன்.

அவசரத்தில்,
ப்ரீமிடிவோ


பரஹோனா,
3 டிசம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

மாதா அருளால் எல்லோரும் நலம். ஹாப்சனும் நலம். ஆட்டுக்கறிக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். செய்முறை எழுதிக் கேட்டார். உன் திட்டங்களில் வழக்கமாக இருக்கும் அதிர்ஷ்டம் இதிலும் இருந்தது.

நீ சொன்னபடியே எலாடியோவை வீட்டுக்குள்ளேயே வைத்தேன். மைதானத்தில் ஒரு பந்துகூட வீசவில்லை, சத்தியமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு மனுஷனை எத்தனை நாள் நாற்காலியில் வைப்பது? காலை வேளையில் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் உடற்பயிற்சி செய்வான். கொல்லைப்புறம் பொது இடமில்லையே.

ஹாப்சனுக்குப் பின்பக்க அறையைக் கொடுத்திருந்தேன். பெரிய ஜன்னல், நல்ல காற்று. முன்பக்க அறையில் ஆலைச் சங்கு காதைக் கிழிக்கும், வயதானவர் பாவம். தினமும் காலையில் ஜன்னல் அருகே நாற்காலி போட்டுக் காபி குடித்தார். இன்னொரு கோப்பை, இன்னொரு கோப்பை என்று கேட்டார். காபிக்கு அவ்வளவு ரசிகர்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். உள்ளங்கை வீங்கியிருக்கிறது. துணி துவைத்தது. உன் அத்தான் ஆலை அணிக்குக் கீப்பராக உட்கார்ந்த காலத்துத் தோல் கையுறை பூஞ்சை பிடித்துக் கிடந்தது. எண்ணெய் போட்டு வெயிலில் வைத்தேன். என் முழங்காலும் ஆச்சரியமாக இப்போதெல்லாம் நன்றாக மடங்குகிறது.

ஹாப்சன் இன்று காலை கிளம்பிவிட்டார். போகும்போது, "உங்க விடுதி மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்லைம்மா" என்றார்.

யூடெல்கா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அக்கா,
ஒலிம்பியா


நாஷ்வில், ஓட்டல் அறை,
6 டிசம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. வருடாந்தரக் கூட்டத்துக்கு வந்திருக்கிறோம். ஓட்டல் கூடம் முழுக்கக் கட்டம்போட்ட கோட்டு அணிந்த ஆண்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

நீ நவம்பரில் எழுதிய சின்னக் கடிதம் நான் கிளம்பும் அன்று வந்தது. விமானத்தில் படித்தேன். விமானம் ரொம்பக் குலுங்கியது. அதனால் மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

நேற்று காலைச் சாப்பாட்டில் டென்வரின் தலைவர் மல்லிகன் என் மேஜைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ப்ரீமி, நேராவே கேக்கறேன். உங்க இடதுகைக்காரன் மாத்தோஸுக்குத் தோள் நெஜமாவே போச்சா?"

அப்போது என் வாய் நிறைய முட்டை. மரியாதை தெரிந்தவன் வாயில் முட்டையோடு பேச மாட்டான். தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. மல்லிகன் என் தட்டிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்குக் கூட்டம். ஒவ்வொரு கிளப்பாகக் கூப்பிட்டார்கள். டென்வர் முறை வந்தது. மல்லிகன் எழுந்து, "எலாடியோ மாத்தோஸ், பஃபலோவிலிருந்து" என்றார். பெரியவர் என் தொடையைக் கிள்ளினார். இன்னும் நீலமாக இருக்கிறது.

"யாருய்யா சொன்னது? எப்படிய்யா தெரிஞ்சது?"

"ரொம்ப மோசம் சார், ரொம்ப மோசம்" என்றேன். உண்மையிலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரியவர் அதைப் பார்த்து உருகிப்போய்க் கைக்குட்டை கொடுத்தார்.

இப்படியாக நம் முயற்சி தோற்றது. எலாடியோவிடம் என் ஆழ்ந்த வருத்தத்தைச் சொல். யூடெல்காவிடம் சற்று உரக்கச் சொல்.

உன் தம்பி,
ப்ரீமிடிவோ


பரஹோனா,
8 ஜனவரி 1984

அன்புத் தம்பிக்கு,

மூன்று ராஜாக்கள் திருநாள் வாழ்த்து. பண்டிகைக் கூட்டத்தில் பதில் தாமதமாகிவிட்டது. பன்றி வறுத்தோம், உன் பங்கையும் நாங்களே தின்றோம். உன் தொடைக்கு உப்பு ஒத்தடம் கொடு.

உன் ஆழ்ந்த வருத்தத்தைச் சொன்னேன். யூடெல்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், இருவரும் வருத்தமாக ஒரு பாட்டில் ரம்மைத் திறந்தோம். அவள் குடிக்கவில்லை, அவளுக்கும் சேர்த்து நான் வருத்தப்பட்டேன்.

செய்தி வந்த அன்றே எலாடியோவின் தோள்வலி முழுசாகக் குணமாகிவிட்டது. ஜெபத்தின் பலன் என்று சாமியார் சொல்லிக்கொண்டு திரிகிறார். தோனீத்தோ விடவில்லை. "சாமி, நீங்க எந்தத் தோளுக்கு வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டான். மறுநாள் ஆலை மைதானத்தில் எலாடியோ வீசினான். ஊரே பார்த்தது. எல்லோரும் அவன் வீசுவதை அன்றுதான் முதல்முறை பார்ப்பது போல ஆச்சரியப்பட்டார்கள். நம் ஆட்கள் நடிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

உங்கள் டெலனி என்ன ஆனார்? குதிரைக்கு வீடு கிடைத்ததா?

அக்கா,
ஒலிம்பியா


பஃபலோ,
12 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தொடை பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. உன் உள்ளங்கை? துணி துவைத்துக் கை இவ்வளவு வட்டமாக வீங்குவது வைத்திய உலகுக்கே புதுசு. இனிமேல் வேலைக்கு ஆள் வை.

டெலனி பழைய கிளப்பிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்களைக் காட்டி அங்கே சம்பளத்தை ஏற்றிக்கொண்டாராம். பெரியவர் அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூடை கோழி இறக்கையைத் தனியாகத் தின்றார். எனக்கு வருத்தம் நாய்க்காகத்தான். ஜெனரலோடு பழகிவிட்டேன்.

இப்போது சந்தையில் மிச்சம் கிடந்தவர்களில் ஒருவரைப் பிடித்து நாற்பதாம் வரியில் போட்டிருக்கிறோம். முழங்கால் இரண்டையும் மூன்று முறை அறுத்தவர். அறிமுக விழாவில் புகைப்படத்துக்காக மேடை ஏறச் சொன்னோம். மேடையை அவரிடம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

எலாடியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தாளை நிரப்ப இந்த முறை மனம் வரவில்லை. டென்வர் முகாமில் இடதுகைக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மார்ச் கடைசியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அவன் வேண்டாம் என்றால் எங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். பெரியவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"திரும்பி வரட்டும். சின்ன லீக் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு போட்டு வெச்சிருக்கேன். வயசாகி எறங்கட்டும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் விளையாட்டாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

உன் தம்பி,
ப்ரீமிடிவோ


பரஹோனா,
10 மார்ச் 1984

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், கூட ஒருவனும் நலம். யூடெல்காவுக்கு ஆண் குழந்தை. நல்ல தொண்டை. ஆலைச் சங்குக்கே போட்டி. பெயர் ஹாப்சன். ஆமாம், ஹாப்சன் மாத்தோஸ். ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார், "இப்படி ஒரு புனிதர் உண்டா?" என்று கேட்டார். "இனிமே உண்டு" என்றாள் யூடெல்கா.

எலாடியோவிடமிருந்து கடிதம் வந்தது. அரிசோனா முகாமில் காற்று காய்ந்து கிடக்கிறதாம். பந்து விழ மாட்டேன் என்கிறதாம். நேராகப் போகிறது, அடிக்கிறார்கள் என்கிறான். இங்கே கடற்காற்றில் எப்படி விழுந்தது தெரியுமா? உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியும்.

போதும், மறைக்கவில்லை. நான்தான் கொல்லையில் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பிடித்தேன். அந்தப் பந்தைப் பிடிக்கும்போது, இது இந்தக் கொல்லையில் இருக்க வேண்டிய பந்தில்லை என்று தோன்றியது.

யூடெல்கா மடியில் பிள்ளையோடு ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சீசன் ஆரம்பிக்க இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது, இருந்தும். அவன் திரும்பிவந்தால் இனி ஏறும் தெம்பு இருக்காது, ப்ரீமி. நீ பேஸ்பால் ஆள். உன்னால் ஆவது ஏதாவது உண்டா? கேலி இல்லாமல் ஒரு பதில் எழுது.

அக்கா,
ஒலிம்பியா


பஃபலோ,
16 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் யூடெல்காவுக்கும் சின்ன ஹாப்சனுக்கும் என் முத்தங்கள். நான் நலம். இப்படி எழுதும்போது முதல்முறையாக அது முழு உண்மை.

கேலி இல்லாமல் எழுதச் சொன்னாய். முயல்கிறேன். வேறு கிளப் ஆட்டக்காரனுக்கு யோசனை சொல்வது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். ஆகவே நான் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்று ஒரு டெலிபோன் பூத்தில் நின்று அரிசோனாவில் யாரோ ஒருவரிடம், யாரென்று எனக்குத் தெரியாது, "காய்ஞ்ச காத்துல பந்து சோம்பேறியாத்தான் இருக்கும். இன்னும் ஆழமாப் புடி, மணிக்கட்டை இறுக்காதே, கீழயே எறி" என்றேன். "சரி அண்ணே" என்றது அந்த முகம் தெரியாத குரல். குரல் நம் ஊர்க் குரல் மாதிரி இருந்தது. உலகம் சின்னது.

மார்ச் கடைசியில் டென்வர் மற்ற இரண்டு பேரைக் கழற்றிவிட்டது. தந்தி வந்திருக்கும்.

போன வாரம் டென்வர் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. நல்ல குளிர். முதல் நாள் எலாடியோ ஓர் ஓரத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாளும் அப்படியே. பட்டியலில் இருப்பது வேறு, பந்தைக் கையில் வாங்குவது வேறு. நான் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்தப் போர்வையைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஓர் அதிசயம். எங்கள் அணி ஒன்பது ஓட்டம் முன்னால் இருந்தது. இப்படி ஒரு நிலைமை எங்களுக்குப் பழக்கமில்லை. ஆட்டக்காரர்களே பலகையை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டார்கள். இனி யார் வீசினால் என்ன என்ற கட்டம். போர்வை எழுந்தது.

முதல் பந்து கீப்பர் தலைக்கு மேலே போய்ப் பின்னால் வலையில் அடித்தது. மைதானமே சிரித்தது. பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "இவனுக்கா நாம அவ்வளவு மெனக்கெட்டோம்?" என்றார்.

எதிரே நின்றவன் கோவால்சிக். எங்கள் அணியிலேயே அதிகச் சம்பளம், அதிக மீசை. எலாடியோ இரண்டு கையிலும் ஊதிக்கொண்டான். தரையைப் பார்த்தான். இரண்டாம் பந்து நேராக, அடியேன் அடியேன் என்று வந்து, பொத்தென்று விழுந்தது. கோவால்சிக் காற்றை வெட்டினான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் பந்தும் விழுந்தது, மட்டை மேலே போனது. பெரியவர் கோழி இறக்கையைக் கீழே வைத்தார்.

நாலாவது பந்தை என்னால் வர்ணிக்க முடியாது. உனக்கு வர்ணிக்கவும் வேண்டியதில்லை. அதைப் பிடித்தவள் நீ. கோவால்சிக் ஒரு முழங்காலில் விழுந்தான். மட்டை அவன் கையை விட்டுப் போய்விட்டது. மூன்று முறை தவறவிட்டாயிற்று, அவுட் என்று நடுவர் கையை உயர்த்தினார்.

மைதானம் முழுக்க ஓ என்று ஏமாற்றச் சத்தம். அத்தனை ஆயிரம் பஃபலோக்காரர்களும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஒரே ஒருவன் மட்டும் நடுவில் எழுந்து நிற்கிறான். யாரடா அந்தத் துரோகி என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எழுந்து நின்ற பிறகுதான் கவனித்தேன், அது நான்.

"யோவ், உக்காருய்யா" என்றார் பெரியவர்.

உட்கார்ந்தேன் அக்கா. ஆனால் மிக மெதுவாகத்தான்.

உன் அன்புத் தம்பி,
ப்ரீமிடிவோ